மறியலில் கழிந்த நாள் தண்டனையில் கழியுமா?

சென்ற இதழில் பிணை பற்றி எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்: தீர்ப்புக்கு முன்னால் விளக்கமறியலில் உள்ளே இருந்த காலம் தண்டனையில் கழியுமா, கழியாதா? ஆகவே காணி உறுதி, தாபரிப்புப் பணம் எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு இந்த முறை இதற்கே இடம் கொடுக்கிறேன். காணிக்காரர் கோபிக்க வேண்டாம், அடுத்த இதழ் உங்களுடையது. பெயர்களையும் ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களையும் வழக்கம்போல எடுத்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, 2016 ஆடி மாதம் சிறுபோக வயலுக்குத் தண்ணீர் திருப்புகிற சண்டையில் என் அண்ணா கைதானவர். மண்வெட்டிப் பிடியால் அடித்த அடி. மற்றவர் இரண்டு நாளில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கொலை வழக்குப் போட்டார்கள். 26 மாதம் விளக்கமறியலில் இருந்து பிணையில் வந்தார். 2021 ஆனி மாதம் மேல் நீதிமன்றம், கொலை இல்லை, அதைவிடக் குறைந்த குற்றமான கைமோசக் கொலைதான் என்று சொல்லி 12 வருடக் கடூழியச் சிறையும் 25,000 ரூபா தண்டமும், தண்டம் கட்டாவிட்டால் இன்னும் 6 மாதமும் விதித்தது. அன்று உள்ளே போனவர்தான். அப்பீல் போட்டிருக்கிறோம், அது கொழும்பில் கிடக்கிறது. அண்ணாவோடு உள்ளே இருக்கிற ஒருவர், "அப்பீல் முடியும் வரைக்கும் நீ இருக்கிற நாள் ஒன்றும் தண்டனையில் சேராது, பேசாமல் வாபஸ் வாங்கு" என்கிறாராம். எங்கள் மாமாவோ யூடியூப்பில் ஒரு வக்கீல் சொன்னதைக் கேட்டுவிட்டு, 26 மாதமும் தானாகவே கழியும் என்கிறார். யார் சொல்வது சரி? அண்ணாவின் மகள் ஓ.எல். சோதனை எடுக்கப்போகிறாள். அப்பா எப்ப வருவார் என்று கேட்டால் சொல்ல எங்களிடம் ஒரு திகதி இல்லை.
ஒரு தங்கை, மாங்குளம்

பதில்: தங்கச்சி, உள்ளே இருப்பவர் சொன்னதில் முக்கால் பங்கு சரி. மாமா சொன்னது இந்தியாவுக்குச் சரி. அங்கே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 428ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது, இப்போது 2023ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் 468. தீர்ப்புக்கு முன்னால் உள்ளே இருந்த நாட்களைத் தண்டனையிலிருந்து கழிக்கச் சொல்கிற பிரிவு அது. நல்ல பிரிவுதான், ஆனால் பாக்கு நீரிணையைத் தாண்டி இங்கே வராது. தமிழ்நாட்டு வக்கீல்மார் யூடியூப்பில் சொல்வதைக் கேட்டுவிட்டு வவுனியாவில் வந்து என்னோடு வாதாடுகிறவர்கள் கூடிவிட்டார்கள், அது வேறு கதை.

அண்ணாவின் நாட்களைச் சூடடித்த நெல் மாதிரி இரண்டு குவியலாகப் போட்டுப் பாருங்கள். தீர்ப்புக்கு முன்னால் இருந்த 26 மாதம் ஒரு குவியல். 2021 ஆனியில் தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து இன்றுவரை மற்றக் குவியல். இடையில் பிணையில் வெளியே நின்ற காலம் எந்தக் கணக்கிலும் வராது, அதை விட்டுவிடுங்கள்.

முதல் குவியல் தானாகக் கழியும் என்று நம்பி இருக்கக் கூடாது. இங்கே அது தண்டனை விதிக்கிற நீதிபதியின் கையில் உள்ள விடயம். குற்றவாளி என்று சொன்ன பிறகு, தண்டனை சொல்வதற்கு முன்னால், தண்டனையைக் குறைக்கச் சொல்லிச் சட்டத்தரணி நாலு வார்த்தை கதைப்பார், பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் சின்னவர்கள், முன்குற்றம் இல்லை, ஒரே உழைப்பாளி என்றெல்லாம் வரும். அந்த இடத்தில் "இவர் ஏற்கெனவே 26 மாதம் உள்ளே இருந்தவர்" என்பதும் திகதியோடு வந்திருக்க வேண்டும். தண்டனைக் கட்டளையின் சான்றுப்படுத்திய பிரதியை எடுத்து ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். "விளக்கமறியலில் இருந்த காலத்தையும் கருத்தில் கொண்டு" என்று நீதிபதி எழுதியிருந்தால் அந்த 26 மாதத்துக்கு விலை ஏற்கெனவே போட்டாயிற்று, 12 வருடம் என்பது குறைத்த பிறகு வந்த எண்ணாகவே இருக்கலாம், திரும்பவும் கழி என்று கேட்க முடியாது. ஒரு சொல்லும் இல்லை என்றால் அது அப்பீலில் சொல்லக்கூடிய ஒரு காரணம்.

பிரதி கைக்கு வந்ததும் இன்னொன்றும் பாருங்கள், இதை நிறையப் பேர் பார்ப்பதில்லை. கைமோசக் கொலைக்குத் தண்டனை தண்டனைச் சட்டக்கோவையின் 297ஆம் பிரிவில் இருக்கிறது. அதில் இரண்டு பகுதி. சாவை உண்டாக்கும் எண்ணத்தோடு, அல்லது சாவு வரக்கூடிய காயத்தை உண்டாக்கும் எண்ணத்தோடு செய்தது என்றால் 20 வருடம் வரை போகலாம். எண்ணம் இல்லை, செத்துப்போகக்கூடும் என்று தெரிந்திருந்தும் செய்தார், அவ்வளவுதான் என்றால் உச்சமே 10 வருடம். திடீர்ச் சண்டையில் நடந்தது என்பதால் கொலை என்பதைக் குறைத்திருந்தால் அனேகமாக முதல் பகுதிக்குள் வரும், அப்படியானால் 12 வருடம் சட்டத்துக்குள் இருக்கிறது. ஆனால் நீதிபதி "அறிவு" என்ற அடிப்படையில் குற்றவாளி என்று கண்டுவிட்டு 12 வருடம் கொடுத்திருந்தால், அப்படிக் கொடுக்கவே முடியாது. ஒரு சொல்லில் இரண்டு வருடம் இருக்கிறது.

சரி, இப்போது இரண்டாவது குவியல். உங்கள் அண்ணாவுக்குப் பெரிய குவியலும் இதுதான்.

எங்கள் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவையில் 333ஆம் பிரிவு, அதில் 5ஆம் உட்பிரிவு. அது சொல்வதை நேராகச் சொல்கிறேன். அப்பீல் போட்டவர் பிணையில் நிற்கிற காலம் தண்டனையில் சேராது. அப்பீல்காரர் என்ற கணக்கில் சிறையில் வைத்திருக்கிற காலமும் தண்டனையில் சேராது, மேன்முறையீட்டு நீதிமன்றம் வேறு விதமாகப் பணித்தாலே தவிர. அப்படிப் பணிக்காவிட்டால், ஆள் உள்ளே இருந்தாலும், அப்பீல் முடிந்த நாளிலிருந்துதான் தண்டனை ஓடத் தொடங்கும். அதாவது கதவு பூட்டியிருக்கிறது, சோறு சிறைச் சோறு, ஆனால் மணிக்கூடு நின்றுபோயிருக்கிறது.

இது எங்கள் ஆட்கள் கண்டுபிடித்ததும் இல்லை. 1907இல் இங்கிலாந்தில் குற்றவியல் மேன்முறையீட்டுச் சட்டம் கொண்டுவந்தபோது, சும்மா சும்மா அப்பீல் போடுகிறவர்களைப் பயமுறுத்த எழுதி வைத்த வாசகம். 1938இல் இலங்கைக்குக் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வந்தபோது கூடவே வந்தது, 1979இலும் அப்படியே இருந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால் இங்கிலாந்துக்காரர் 1960களிலேயே அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். இப்போது அங்கே அப்பீல் காலம் தண்டனையில் சேரும், நீதிமன்றம் சேராது என்று சொன்னால்தான் சேராது. இங்கே சேராது, சேரும் என்று சொன்னால்தான் சேரும். உடுப்பைத் தைத்துக் கொடுத்தவன் அதைக் கழற்றி எறிந்துவிட்டான், நாங்கள் இன்னும் தோய்த்துத் தோய்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பயப்பட வேண்டாம். அந்த "வேறு விதமாகப் பணித்தாலே தவிர" என்பதை மேன்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிற கொழும்புப் புதுக்கடையில் நீதியரசர்கள் தாராளமாகவே பயன்படுத்துகிறார்கள். தீர்ப்பளித்த நாளிலிருந்து ஆள் தொடர்ந்து உள்ளேதான் இருக்கிறார் என்று தெரிந்தால், அப்பீலைத் தள்ளுபடி செய்கிறபோதுகூட, "தண்டனை மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்த திகதியிலிருந்து அனுபவித்ததாகக் கருதப்பட வேண்டும்" என்று கடைசியில் ஒரு வரி போடுவது இப்போது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் வழக்கம் வேறு, உரிமை வேறு. கேட்க வேண்டும். அப்பீல் மனுவில் அது கோரிக்கையாக இருக்க வேண்டும், எழுத்துமூலச் சமர்ப்பணத்தில் இருக்க வேண்டும், வாதம் முடிந்து சட்டத்தரணி உட்காருவதற்கு முன்னால் வாயாலும் ஒருமுறை வர வேண்டும். "எங்கள் அப்பீல் தீர்ப்புக்கு எதிரானது, தண்டனையைப் பற்றிக் கேட்டால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகிவிடும்" என்று சிலர் கூச்சப்படுவார்கள். அப்படி ஒன்றும் ஆகாது. முதலில் விடுதலை கேளுங்கள், அது இல்லையென்றால் இது என்று கேளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் நானே சூடுபட்டவன். ஜூனியராக இருந்த காலத்தில் ஒரு அப்பீல். சீனியருக்குப் பின்னால் பைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தீர்ப்பு சாட்சியத்தைப் பற்றியே பக்கம் பக்கமாகப் போய், கடைசியில் அப்பீல் தள்ளுபடி என்று முடிந்தது. தண்டனை எந்த நாளிலிருந்து என்று வரி இல்லை, நாங்களும் கேட்கவில்லை, தலையைக் குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்து தேத்தண்ணீர் குடித்தோம். ஒரு மாதம் கழித்து அந்த ஆளின் மனைவி ஒரு சின்னக் கடதாசித் துண்டோடு வந்து நிற்கிறார். சிறைச்சாலையில் கணக்குப் பார்த்து எழுதிக் கொடுத்த விடுதலைத் திகதி. நாங்கள் நினைத்திருந்ததைவிட மூன்று வருடம் பிந்தியது. அங்கே இருந்த கிளார்க்கைக் குறை சொல்ல முடியாது, அவர் கடதாசியில் இருப்பதைத்தான் வாசிப்பார். பிழை எங்களுடையது. திரும்ப நகர்த்தல் பத்திரம், அதாவது மன்றிடம் ஒரு கட்டளை கேட்கிற மனு, போட்டு, அதே நீதிமன்றத்தில் நின்று, அந்த ஒரு வரியை வாங்க எத்தனை தவணை போனது என்று சொன்னால் வெட்கம். அன்றிலிருந்து என் பைல் மட்டையின் உள்பக்கத்தில் சிவப்பு மையால் "திகதி" என்று எழுதி வைக்காமல் நான் அப்பீலுக்குப் போனதில்லை.

வாபஸ் வாங்குவதா என்று கேட்டீர்கள். சும்மா வாபஸ் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி. அப்பீல் தள்ளுபடியாகும், குற்றத்தீர்ப்பு நிலைக்கும், திகதி பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால் இதுவரை இருந்த வருடங்களும் அந்தரத்தில் தொங்கும். இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது, கொழும்பில் அடிக்கடி நடப்பது: குற்றத்தீர்ப்பை இனி எதிர்க்கவில்லை, தண்டனையை மட்டும் பாருங்கள், தீர்ப்பு நாளிலிருந்து கணக்கெடுங்கள் என்று சட்டத்தரணி மன்றுக்குச் சொல்வது. அரசுக்காக வழக்காடுகிற சட்டமா அதிபர் பக்கமும் பெரும்பாலும் இதற்குக் குறுக்கே நிற்பதில்லை. ஆனால் இப்படிச் சொன்னால் விடுதலைக்கான கதவை நீங்களே சாத்துகிறீர்கள் என்பதையும் அண்ணாவுக்கு விளங்கப்படுத்த வேண்டும். சாட்சியத்தில் நல்ல ஓட்டை இருந்தால் நான் அதைச் செய்யச் சொல்லமாட்டேன். ஓட்டை இருக்கிறதா என்பதை வழக்கேடு பார்க்காமல் இங்கிருந்து சொல்ல முடியாது.

மகளுக்குத் திகதி கேட்டீர்களே. தண்டனை 12 வருடமாகவே நின்று, 2021 ஆனியிலிருந்து கணக்கெடுத்தால் 2033 ஆனி. உள்ளே நல்ல நடத்தைக்குக் கிடைக்கிற கழிவுகள் இதில் சேரவில்லை, அவை சேர்ந்தால் இன்னும் முன்னால் வரும். அந்த ஒரு வரி கிடைக்காமல் போய், பேச்சுக்கு 2026 ஆனியில் அப்பீல் முடிகிறது என்று வைத்தால் 2038. பிள்ளை ஏ.எல். முடித்து, கம்பஸ் முடித்து, வேலைக்கும் போயிருப்பாள். தண்டம் 25,000 ரூபாவை எப்படியாவது புரட்டிக் கட்டிவிடுங்கள், அந்த 6 மாதம் 12 வருடத்துக்கு மேலே தனியாக வரும். முழுவதும் கட்ட வழியில்லை என்றால் பாதி கட்டினாலும் அந்த அளவுக்கு நாட்கள் குறையும்.

கேள்வி: என் மகனுக்கு நீதவான் கோட்டில் இரண்டு களவு வழக்கு. இரண்டிலும் குற்றத்தை ஒத்துக்கொண்டான், ஒவ்வொன்றுக்கும் 18 மாதம். இரண்டும் ஒன்றாக ஓடும், ஒன்றரை வருடத்தில் வந்துவிடுவான் என்று வெளியே நின்ற ஆட்கள் சொன்னார்கள். இப்போது மூன்று வருடம் என்கிறார்கள். தீர்ப்புச் சொல்லி மூன்று கிழமைக்கு மேல் ஆகிவிட்டது.
ஒரு தாய், நெடுங்கேணி

பதில்: அம்மா, கோட்டு வாசலில் நிற்கிற ஆட்களிடம் சட்டம் கேட்க வேண்டாம் என்று எத்தனை முறை எழுதுவது! ஒரே விளக்கத்தில், அதாவது ஒரே வழக்கு விசாரணையில், பல குற்றங்களுக்குச் சிறை விதித்தால் ஒன்று முடிந்து மற்றது என்பதுதான் 16ஆம் பிரிவின் அடிப்படை. ஏககாலத்தில் ஓடும் என்று நீதவான் சொன்னால்தான் ஒன்றாக ஓடும். மகனுடையது இரண்டு தனி வழக்கு என்றால் இரண்டாவது வழக்கில் தண்டனை சொன்ன நேரம் இதைக் கேட்டிருக்க வேண்டும். சட்டத்தரணி வைக்காமல் தானே ஒத்துக்கொண்டிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

நீதவான் தீர்ப்புக்கு எதிரான அப்பீல் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு, 14 நாளுக்குள். அது போய்விட்டது. ஆனால் மீளாய்வு மனு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் அதே மேல் நீதிமன்றத்தில்தான். அப்பீல் காலம் தவறியவருக்கு மீளாய்வு கொடுக்க விசேட காரணம் வேண்டும் என்பார்கள். வயது, முதல் குற்றம், சட்டத்தரணி இல்லாமல் ஒத்துக்கொண்டது, இரண்டு களவும் ஒரே இரவில் நடந்தது என்றால் அதுவும், எல்லாவற்றையும் சத்தியக் கடதாசியில் போடுங்கள். பிந்தப் பிந்த உங்கள் பக்கம் பலம் குறையும். வவுனியாவில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. தண்டனைக் கட்டளை இரண்டின் பிரதியும், ஜி.எஸ். (கிராம சேவகர்) கொடுக்கிற வருமானக் கடிதமும், உங்கள் அடையாள அட்டையும் கொண்டு போங்கள். வெறுங்கையோடு போனால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள், பஸ் காசுதான் வீண்.

கேள்வி: அண்ணை, நான் பிறந்தது பாண்டியன்குளம், இப்போது ஸ்காபரோவில். எங்கள் சொந்தக்காரப் பெடியன் ஒருவன் இங்கே 8 மாதம் உள்ளே இருந்துவிட்டான். கோட்டில் அதை ஒரு வருடமாகக் கணக்கெடுத்தார்கள். 8 எப்படி 12 ஆகும்? ஊரில் இருக்கிற அவன் பெரியப்பா, வெள்ளைக்காரனுக்குக் கணக்குத் தெரியாது என்கிறார்.
ஒரு வாசகர், கனடா

பதில்: பெரியப்பாவிடம் சொல்லுங்கள், கணக்கு சரி. கனடாவில் தண்டனை பெற்ற கைதி ஒழுங்காக நடந்தால் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததும் வெளியே வந்துவிடலாம். 9 மாதத் தண்டனை என்றால் 6 மாதத்தில். ஆகவே தண்டனை தொடங்கிய பிறகு உள்ளே இருக்கிற ஒரு நாளின் பெறுமதி ஒன்றரை நாள். தீர்ப்புக்கு முன்னால் விளக்கமறியலில் இருப்பவனுக்கு அந்தக் கழிவு ஓடாது. அவனுக்கு நாளுக்கு நாள் மட்டும் கழித்தால், பிணை எடுக்க ஆள் இல்லாதவன் பிணையில் நின்றவனைவிடக் கூட நாள் உள்ளே இருக்க வேண்டி வரும். அதை நேராக்கத்தான் ஒன்றரை மடங்கு. முன்பு நீதிபதிகள் இரண்டு மடங்குகூடக் கொடுத்தார்கள். 2010இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதை வெட்டி, நாளுக்கு நாள், காரணம் இருந்தால் ஒன்றரை வரை என்று ஆக்கியது. அந்தக் கழிவு இல்லாமல் போவதே போதுமான காரணம்தான் என்று 2014இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அது கிடக்க, பெடியன் கனடாப் பிரசையா, நிரந்தர வதிவாளரா? நீங்கள் எழுதவில்லை. வதிவாளர் என்றால் 6 மாதமும் அதற்கு மேலும் சிறை என்பது குடிவரவுப் பக்கத்தில் பெரிய இடி, நாடுகடத்தல் கட்டளைக்கு எதிராக அப்பீல் செய்கிற உரிமையே போகலாம். உள்ளே இருந்த காலத்தையும் அந்த 6 மாதத்தில் சேர்த்துப் பார்ப்பார்கள். அப்படியானால் ஒன்றரை மடங்கு என்று சந்தோஷப்படுகிற அதே கணக்கு மற்றப் பக்கத்தால் கடிக்கும். தண்டனை சொல்லும்போது குடிவரவுப் பாதிப்பையும் நீதிபதி கருத்தில் எடுக்கலாம் என்று 2013இல் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தண்டனைக்கு எதிரான அப்பீலுக்குக் காலம் இன்னும் இருந்தால் அங்கே உள்ள சட்டத்தரணியிடம் இந்த வாரமே கதையுங்கள்.

கேள்வி: அப்பீல் போட்டால் தண்டனை கூடவும் வாய்ப்பிருக்கிறது என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
மல்லாவி வாசகர்

பதில்: உண்மை. 335ஆம் பிரிவில் கூடவோ குறையவோ மாற்றலாம் என்றுதான் இருக்கிறது. தண்டனை போதாது என்று சட்டமா அதிபரும் வரலாம். குற்றத்தின் தன்மை, சட்டத்தில் சொன்ன உச்சத் தண்டனை, மற்றவர்களுக்குப் பாடமாக இருக்குமா என்பதைப் பார்க்கச் சொல்லி 1955இல் சட்டமா அதிபர் எதிர் டி சில்வா வழக்கில் சொன்னதை இன்றைக்கும் தண்டனை அப்பீல்களில் எடுத்து வாசிப்பார்கள், அந்தத் தராசு குற்றவாளியின் கண்ணீரைவிடக் குற்றத்தைத்தான் முதலில் நிறுக்கும். கத்தியால் வெட்டி ஆளை முடமாக்கிவிட்டு ஒத்திவைத்த சிறையோடு வந்தவர் "தண்டம் கூடிப்போச்சு" என்று அப்பீல் போடுவது, தூங்குகிற நாயை மிதிப்பது. நீண்ட சிறைத் தண்டனை வாங்கியவருக்கு இந்தப் பயம் அவ்வளவு தேவையில்லை.

கேள்வி: என் மகன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டு, வழக்கு முடியுமுன்னே 11 வருடம் உள்ளே. பிறகுதான் தண்டனை. பிணைச் சட்டத்தில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று சென்ற இதழில் எழுதினீர்கள். அது எங்களுக்கு இல்லையா?
ஒரு தகப்பன், புதுக்குடியிருப்பு

பதில்: ஐயா, சென்ற இதழிலேயே இதை எழுதியிருக்க வேண்டும், மன்னிக்க வேண்டும். 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டம் சொல்கிற 12 மாதமும், சட்டமா அதிபர் கேட்டால் மேல் நீதிமன்றம் அதற்கு மேல் நீட்டக்கூடிய 12 மாதமும், 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவர்களுக்குப் பொருந்தாது. அந்தச் சட்டத்தில் வழக்கு முடியும் வரை விளக்கமறியல் என்றே எழுதி வைத்திருந்தார்கள். 2022இல் செய்த திருத்தத்தில்தான், 12 மாதத்துக்குள் விளக்கம் தொடங்காவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பிணை கேட்கலாம் என்று ஒரு சின்னக் கதவு திறந்தது. உங்கள் மகனுக்கு அது பிந்திப்போன கதவு.

ஆனால் தண்டனை சொன்ன கட்டளையில் அந்த 11 வருடத்தைப் பற்றி என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. மாங்குளம் தங்கைக்கு எழுதியது முழுக்க உங்களுக்கும் பொருந்தும், இன்னும் பலமாகப் பொருந்தும், 26 மாதத்தைக் கவனிக்காமல் விட்ட நீதிபதிக்கு ஒரு சாட்டு இருக்கலாம், 11 வருடத்தை விட்டதற்கு என்ன சாட்டு இருக்கிறது. அப்பீல் எல்லாம் முடிந்துவிட்டதென்றால் மிஞ்சுவது அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை, சனாதிபதியின் மன்னிப்பு. 2021 ஜூன் 24, பொசன் நாளில், இந்தச் சட்டத்தில் தண்டனை பெற்றிருந்த 16 பேர் அப்படித்தான் வெளியே வந்தார்கள். அதை நம்பி வீட்டில் இருங்கள் என்று சொல்லமாட்டேன். கட்டளையின் பிரதியைத் தபாலில் அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன், காசு வேண்டாம்.

கேள்வி: என் கணவருக்குப் போன கிழமை மேல் நீதிமன்றத்தில் 7 வருடச் சிறை விதித்தார்கள். சட்டத்தரணி இனி வரமாட்டார், அவருக்குக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. அப்பீலுக்குக் கொழும்புக்குப் போக வேண்டுமா? யாரைப் பிடிப்பது?
செட்டிகுளம்

பதில்: கொழும்புக்குப் போக வேண்டாம். அப்பீல் மனுவைத் தீர்ப்புச் சொன்ன அதே மேல் நீதிமன்றத்தின் பதிவாளரிடம்தான் கொடுக்க வேண்டும், 14 நாளுக்குள். அதற்கும் ஆள் இல்லை என்றால், சிறையில் இருப்பவர் தான் அப்பீல் செய்ய விரும்புவதையும் அதற்கான காரணத்தையும் ஜெயிலரிடம் சொன்னால் போதும். மனுவைத் தயாரித்து நீதிமன்றத்துக்கு அனுப்புவது ஜெயிலரின் கடமை என்று 331ஆம் பிரிவிலேயே இருக்கிறது. இது எத்தனையோ பேருக்குத் தெரியாது, உள்ளே இருப்பவர்களுக்கே தெரியாது. மனு பெரிய இலக்கியமாக இருக்கத் தேவையில்லை. குற்றத்தீர்ப்புக்கு எதிராகவும் தண்டனைக்கு எதிராகவும் என்று இரண்டையும் போட வேண்டும், விளக்கமறியலில் இருந்த காலத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்றும், தண்டனையைத் தீர்ப்பு நாளிலிருந்து ஓடச் செய்ய வேண்டும் என்றும் இரண்டு வரி. மற்றதைப் பிறகு சட்ட உதவியில் கிடைக்கிறவர் விரித்துக்கொள்வார், அதற்குக் காலம் இருக்கும். எங்கள் பக்கத்து வழக்கேடு தமிழில் இருக்கும், கொழும்புக்கு அதை ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும், தட்டெழுத வேண்டும், அதற்கே மாதங்கள் போகும்.

உங்கள் கடிதம் கையில் கிடைத்தபோது திகதியைப் பார்த்தேன், ஒன்பது நாள் ஆகியிருந்தது. இந்த இதழ் அச்சாகி செட்டிகுளத்துக்கு வரும்போது 14 நாளும் முடிந்திருக்கும். கடிதத்தின் அடியில் போன் இலக்கம் இருந்தபடியால் அன்று இரவே எடுத்துச் சொன்னேன். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, பார்வையாளர் நேரத்துக்குப் போய் கணவரிடம் சொல்லியிருக்கிறார், அவர் உள்ளே இருந்த ஒரு படித்த பெடியனைக் கொண்டு எழுதுவித்து ஜெயிலரிடம் கொடுத்திருக்கிறார். பதினோராம் நாள், கொடுத்ததற்குக் கையெழுத்தும் வாங்கியாயிற்றாம்.